எல்லைக்குள் ஒருவர்

திரையில் என் அப்பா ஒரு விரற்கடை உயரம் இருந்தார்.

கட்டுப்பாட்டு அறையின் ஒரு சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் எஞ்சின் தெரியும். ஒன்றில் திரவ ஆக்சிஜன் டேங்க், அதன் வாயிலிருந்து எப்போதும் கசிகிற வெள்ளைப் புகையோடு. இன்னும் சிலவற்றில் அழுத்தமும் வெப்பமும் கோடு கோடாக ஓடும். கடைசித் திரையில் மட்டும் எங்கள் சோதனை மேடையைச் சுற்றியிருக்கிற காடு. காடு என்றால் மரமடர்ந்த காடல்ல. மழையை நம்பி விதைக்கிற நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். கரிசல் மண். அதில் வெடித்து நின்ற பருத்தி. பருத்திக்கு நடுவே தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஓர் உருவம், குனிவதும் நிமிர்வதுமாக.

"மேடம், எல்லைக்குள்ள ஒருத்தர் இருக்கார்" என்றான் ஹரிஷ். கோயம்புத்தூர்ப் பையன். கேமராக்கள் அவன் பொறுப்பு.

படத்தைப் பெரிதாக்க அவன் கை போனது. "வேண்டாம். யாருன்னு தெரியும்" என்றேன்.

"யாரு மேடம்?"

"அந்தக் காட்டுக்காரர்."

பொய் சொல்லவில்லை. மைக்கை அழுத்தி, "கவுண்ட்டவுனை நிறுத்துங்க" என்றேன். என் குரல் எல்லா அறைகளிலும் கேட்டது. பேச்சு நின்றது. டேங்க் மட்டும் தன் போக்கில் சீறிக்கொண்டிருந்தது.

மறுபக்கத்து ஜன்னல்

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கிற வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார்: 'சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே ராக்கெட் வேலை. தினமும் வீட்டுச் சாப்பாடு. கொடுத்து வைத்தவர் நீங்கள்.'

படித்துவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன்.

நான் குடியிருந்தது அருப்புக்கோட்டையில், ஒரு மாடி அறையில். கீழே பாத்திரக் கடை. காலையில் கம்பெனி வேன் வரும். ஊரைத் தாண்டினால் வேலிக்கருவை, வேலிக்கருவைக்கு நடுவே ரோடு. எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் இடையில், பஸ் நிற்கிற இடத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஊர் எங்களுடையது. வேன் அங்கே நிற்காது. நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வந்ததில்லை. வேனின் இடது பக்கம் உட்கார்ந்தால் எங்கள் வீட்டு நீலக் கதவு தெரியும். அதனால் வலது பக்கம் உட்காருவேன்.

சாயங்காலம் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸுக்குப் போவேன். இலை போடுகிறவர் நான் தனியாகத்தான் வருவேன் என்று நன்றாகத் தெரிந்தவர். ஆனாலும் தினமும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்தானா?" என்பார். "ஒருத்தர்தான்" என்பேன். பல நாட்கள், வேலை சம்பந்தமில்லாமல் நான் பேசிய ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆள் நிறைந்த இடத்தில்தான் வேலை பார்த்தேன். சோதனை நடத்துநர் என்பது என் பதவி. என் வாயிலிருந்து எண் வராமல் எஞ்சினில் நெருப்புப் பற்றாது. ஆனால் அந்த வேலையில் எண்களைத் தவிர வேறெதையும் பேச வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம்

சோதனை மேடைக்கு இடம் தேடி கம்பெனி எங்கள் பக்கம் வந்தபோது நான் சென்னையில் வால்வுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வீடுகள் குறைவு, வெட்டவெளி, கடற்கரை ஏவுதளத்துக்கு லாரி போகிற தூரம். அவர்களுக்கு எல்லாம் பிடித்திருந்தது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் நான் வாய் தவறி, "அது எங்க ஊர்" என்றேன். மறுவாரம் நிலம் கேட்கப் போகிறவர்களோடு என்னையும் அனுப்பினார்கள். ஊர்க்காரப் பெண் பேசினால் ஜனங்கள் நம்புவார்கள் என்று.

நான் விருப்பப்பட்டுத்தான் போனேன். அந்த மண்ணில் அப்படியொன்று வருவதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வரிசை நாற்காலி, எதிரே ஊர்க்காரர்களுக்குப் பெஞ்சு. என்னைக் கம்பெனி வரிசையில் உட்காரவைத்தார்கள். முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். எதிர்ப் பெஞ்சில் யாருக்கும் பாட்டில் இல்லை. அங்கே கடைசியில் அப்பா இருந்தார்.

மழைக்குக் காத்துக் காத்து அலுத்தவர்கள் பெரும்பாலும் சம்மதித்தார்கள். எல்லாம் முடிகிற நேரத்தில் அப்பா எழுந்தார்.

"ஆபீசர் அம்மா சொல்லட்டும்" என்றார் என்னைப் பார்த்து. "எங்காட்டுல நான் எந்நேரம் நிக்கணும், எந்நேரம் நிக்கக் கூடாதுங்கறத இனிமே நீங்கதான் சொல்வீகளா?"

யாரோ சிரித்தார்கள். அப்பா கேலி செய்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். கூட்டத்தில் பேசுகிற தோரணையிலேயே பதில் சொன்னேன். "சோதனை நடைபெறும் நாட்களில் மட்டும், பாதுகாப்புக் கருதி, சில மணி நேரம் வெளியே இருக்க வேண்டியிருக்கும்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவே உலை வைத்து, குழம்பு கூட்டி, தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடுங்க" என்றார்.

சாப்பிடு என்று சொல்லவில்லை.

கோபம் தணிந்ததும் அந்த மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். காலையில் குளிக்கப் போகும்போது, "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, குளிங்க" என்றார். பை தூக்கியபோது, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்றார். குரலில் கோபம் ஒரு சொட்டும் இல்லை. வட்டாட்சியர் ஆபீசிலிருந்து வந்தவரை வழியனுப்புவதுபோல் வாசல்வரை வந்து நின்றார்.

என்னை அதுவரை அவர் 'தாயி' என்பார், 'ஏ பிள்ள' என்பார், கோபம் வந்தால் 'மூதேவி' என்பார். மரியாதையாக ஒருநாளும் பேசியதில்லை.

அவர் செய்தது தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. நான் செய்ததும் தப்பில்லை. அதனால்தானோ என்னவோ, யார் முதலில் இறங்கி வருவது என்பது இருவருக்குமே தெரியாமல் போயிற்று.

அவர் காட்டை விற்கவில்லை. எங்கள் வேலி அவர் வரப்பை உரசிக்கொண்டு போனது. அதனால் ஒவ்வொரு சோதனை நாளிலும் எல்லைக்குள் விழும் முதல் நிலம் அவருடையதாக இருந்தது.

ஷேக் பாய் கொண்டுவந்த சேதிகள்

சோதனையன்று காலையில் எல்லைக்குள் இருக்கிற காடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருவது ஷேக் பாயின் வேலை.

அருப்புக்கோட்டைக்காரர். வளைகுடா நாட்டில் எரிவாயு ஆலையில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்களிடம் டேங்குகளைப் பார்த்துக்கொண்டார். கூடவே இந்த வேலையையும் ஏற்றுக்கொண்டார். ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு வரப்பு வரப்பாக நடப்பார். கூப்பிட்டுச் சொல்லமாட்டார். கிட்டே போய், சலாம் வைத்து, மழை எப்படி, ஆடு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

முதல் முறை போய்விட்டு வந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அப்பாவுக்கும் முகச் சாடை அப்படி. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டேங்க் அளவைச் சொல்கிறவர்போலச் சொல்ல ஆரம்பித்தார்.

"தெக்குக் காட்டுக்காரர் நல்லா இருக்காக. இந்த வருஷம் குதிரவாலி போடலையாம். பருத்திதான்."

இன்னொரு நாள்: "கால்ல முள்ளுக் குத்தி லேசா விந்துறாரு. மருந்து போட்டிருக்காரு."

நான் கணினியைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்பேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். "வேற எதுவும் கேட்டாகளா பாய்?"

பாய் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"கேக்கலம்மா. ஆனா ஜீப்ப எங்கன நிப்பாட்டியிருக்கேன்னு எட்டிப் பாத்தாரு. உள்ள வேற யாரும் இருக்காகளான்னு பாத்த மாதிரி இருந்துச்சு."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஓர் ஆவணி மாதத்தில் எங்கள் எஞ்சின் ஒன்று வெடித்தது. நெருப்பு பற்ற ஒரு கணம் தாமதமானது. அந்த ஒரு கணத்தில் உள்ளே எரிபொருள் சேர்ந்துவிட்டது. பற்றியபோது மொத்தமும் ஒன்றாகப் பற்றியது. எங்கள் அறைக்கு வந்தது சத்தமல்ல, ஒரு தள்ளல். டீ டம்ளர்கள் மேஜையிலேயே ஒரு பக்கம் நகர்ந்தன. திரைகள் வெளுத்துப்போயின.

நான் கடைசித் திரையைத்தான் பார்த்தேன். அதில் புழுதி. புழுதி அடங்க நேரம் பிடித்தது. அடங்கியதும் வெறுங்காடு தெரிந்தது. அன்று காலை பாய் அவரை ரெட்டியபட்டிக்கு டீ குடிக்க அழைத்துப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எஞ்சினுக்காக அழுகிறேன் என்று நினைத்து ஹரிஷ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

சாக்கு எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் துண்டு பொறுக்கினோம். சில துண்டுகள் கிடைக்கவே இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் நீள மேஜையின் ஓர் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

மேகம்

அதற்கடுத்த பங்குனியில், கவுண்ட்டவுனை நிறுத்திய அந்த நாளுக்கு வருகிறேன்.

புது எஞ்சின். சிறு சிறு சோதனைகளில் ஒழுங்காக எரிந்திருந்தது. மீதியிருந்தது ஒன்றுதான். வானத்தில் எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அவ்வளவு நேரமும் மேடையில் எரிந்துகாட்ட வேண்டும். காட்டிவிட்டால் மறுநாளே லாரி ஏறிக் கடற்கரைக்குப் போகும். அங்கே எஞ்சின் இல்லாத ராக்கெட் காத்திருந்தது. அந்த வாரம் தவறினால் ஏவுதளத்தில் எங்கள் முறை வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த முறை வருகிறவரை கம்பெனி இருக்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஷேக் பாய் வீட்டில் அன்று மகளுக்கு நிக்காஹ். அவருக்குப் பதிலாக ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குள் அறிவித்தால் போதும் என்று யாரோ முடிவெடுத்திருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் மேற்கே மேகம் கூடியது. கோடை மழை எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டு வராது. இடி மின்னல் இருந்தால் சோதனை கிடையாது. அது மாற்ற முடியாத விதி. மேகத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று விரைந்துகொண்டிருந்தபோதுதான் கடைசித் திரையில் அந்தச் சிவப்புத் துண்டு தெரிந்தது.

"யாராவது போய் அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் தலைமைப் பொறியாளர். பிறகு என் பக்கம் திரும்பி, "செல்வி, லோக்கல் ஆள் நீங்கதான்" என்றார்.

ஹெட்செட்டைக் கழற்றி ஹரிஷிடம் கொடுத்தேன்.

ஒரு நிரை

வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு வேலியின் சின்ன வாசல் வழியாக இறங்கினேன். கரிசல் வெயிலில் வெடித்துக் கிடந்தது. காலணிக்குள் மண் புகுந்தது. அவர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். கை நிற்கவில்லை. மடியில் பருத்தி நிறைந்து வயிறு உப்பியதுபோல் இருந்தது. ஆள் மெலிந்திருந்தார். திரையில் அது தெரிந்திருக்கவில்லை.

கிட்டே போனதும், "வாங்க" என்றார்.

"இன்னைக்குச் சோதனை இருக்குப்பா. வெளிய வரணும்."

"அப்படியா? யாரும் சொல்லலையே."

"காலைல ஆட்டோல மைக் கட்டிச் சொன்னாகளே."

"அது ஊருக்குச் சொன்னாக. எனக்கு யாரு சொன்னா? பாயின்னா வரப்பேறி வந்து மொகம் பாத்துச் சொல்லுவாக."

"பாய் வீட்டுல இன்னைக்குக் கல்யாணம்."

"தெரியும். பத்திரிக்க வச்சாக. போகணும்னுதான் இருந்தேன். மேகத்தப் பாத்துட்டு நிண்டுட்டேன்."

அவர் கை ஒரு காயிலிருந்து அடுத்த காய்க்குப் போய்க்கொண்டே இருந்தது. பருத்தி எடுக்க வருகிற பெண்கள் மைக் சத்தத்தைக் கேட்டு அன்று வரவில்லை. அது எங்களால் வந்தது.

"இப்ப நான் வந்திருக்கேன்ல. நான் சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க."

நிஜமாகவே காத்திருந்தார். கை நின்றிருந்தது. நான் சொன்னேன். "அப்பா, எஞ்சின எரிய விடப் போறோம். முடியற வரைக்கும் காட்டுல ஆள் இருக்கக் கூடாது. ரோட்டுக்கு வந்துருங்க."

தலையாட்டினார். மேற்கே பார்த்தார். "இந்த நெரய முடிச்சிட்டு வாரேன். வெடிச்சு நிக்குது. நனஞ்சா பழுப்பேறிப் போகும்."

வாக்கி டாக்கியில் ஹரிஷ். "மேடம், ஏரியா கிளியரா?"

நிரையைப் பார்த்தேன். ஒரே வரிசைச் செடிதான், ஆனால் வேலியிலிருந்து வேப்பமரம்வரை நீண்டு கிடந்தது. மேகத்தையும் பார்த்தேன்.

"இன்னும் இல்ல. ஒரு நிரை இருக்கு."

"என்ன இருக்கு மேடம்?"

"காத்திருங்க."

கழுத்திலிருந்த அடையாள அட்டையை முதுகுப் பக்கம் தள்ளினேன். துப்பட்டாவை இடுப்பில் மடியாகக் கட்டினேன். நிரையின் மறுமுனைக்குப் போய் எடுக்க ஆரம்பித்தேன். வருஷக்கணக்கில் தொடாத வேலை. காய் முனை நகக்கண்ணில் குத்தியது. அவசரத்தில் இலைச் சருகும் சேர்ந்து வந்தது.

அவர் அங்கிருந்தே பார்த்துவிட்டார். "அப்படிப் பிய்க்காதீக. சருகு சேருது பாருங்க. விரலுள்ள விட்டுச் சொளையோட எடுங்க."

எடுத்தேன். அவர் அங்கிருந்து, நான் இங்கிருந்து. நடுவில் சந்தித்தபோது ஒரே செடியில் இரண்டு பேர் கையும் இருந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். கடைசிக் காயை என்னை எடுக்க விட்டார்.

வேப்பமரத்தடியில் சாக்கு இருந்தது. என் மடிப் பருத்தியை வாங்கி அதில் அமுக்கினார். சாக்குக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து என்னிடம் நீட்டினார். ஓர் உலோகத் துண்டு. வளைந்து, ஓரம் கிழிந்து, சூட்டில் ஊதாவும் நீலமுமாக நிறம் மாறியது.

"உங்க சாமான். ஐப்பசி உழவுல கலப்பக் கொழுவுல மாட்டுச்சு. பாய்ட்ட குடுத்தா சங்கடப்படுவாகளேன்னு வச்சிருந்தேன்."

"எங்க கிடந்துச்சு?"

"இந்தா, இங்கனதான்" என்று காலால் காட்டினார். மரத்து நிழலில், தூக்குவாளி வைத்திருந்த இடம். மதியம் அவர் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அதுதான் என்பது எனக்குத் தெரியாததல்ல.

 வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது.

சுவர்

சாக்கின்மேல் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார். இருவரும் ரோட்டை நோக்கி நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். பாதி வழியில் நடையைக் குறைத்து, திரும்பாமலே கேட்டார்.

"அது எரியறப்ப நீங்க எங்க நிப்பீக?"

"உள்ள. ஒரு சுவருக்குப் பின்னால."

"செவரு எம்புட்டுக் கனம்?"

இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினேன். அவர் நின்று, திரும்பி, என் கைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தார்.

"காங்கிரீட்டா?"

"ஆமா. உள்ள கம்பி."

"அந்தக் கனம் பத்துமா?"

"பத்தும்பா."

"அன்னைக்கு வெடிச்சப்ப இதே செவருதானா?"

"இதே சுவர்தான்."

"ம்" என்றார். மேலே நடந்தார்.

ரோட்டில் தடுப்புக் கம்பத்துக்கு அப்பால் ஆட்டுக்காரப் பெண்கள் இருவர், ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர், பால்காரர் ஒருவர் நின்றிருந்தார்கள். அப்பா அவர்களோடு சேராமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

"சைரன் கேட்டதும் காதப் பொத்திக்கங்கப்பா."

"தெரியும். நீங்க போங்க. மேகம் வருது."

எரிந்த நேரம்

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். "எல்லை காலி" என்று சொன்னேன்.

மற்ற எண்களையும் நான்தான் சொன்னேன். அன்று என் குரல் நன்றாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

முதலில் மேடையைச் சுற்றித் தண்ணீர் பாய்ந்தது. பிறகு பற்றவைக்கிற மருந்து பச்சையாக ஒரு மினுக்கல் காட்டியது. பிறகு நெருப்பு, ஆனால் நாம் அடுப்பில் பார்க்கிற நெருப்பு மாதிரி அலையாது. கண்ணாடியில் செய்ததுபோல நீளமாக, ஒரே இடத்தில் நிற்கும். சத்தம் சுவரைத் தாண்டி நெஞ்செலும்புக்குள் வந்து உட்கார்ந்தது. கோடுகள் எல்லாம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே படுத்துக்கொண்டன.  எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. எங்கள் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் அதுதான் என்று தோன்றும்போது, கணக்குப்படி, தானாக அணைந்தது.

ஹரிஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினான். தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என்னையும் யாரோ கட்டிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசித் திரையில் மழை விழ ஆரம்பித்திருந்தது.

அணைந்த பிறகும் உடனே யாரையும் உள்ளே விடமாட்டோம். டேங்குகள் அடங்க வேண்டும், வால்வுகள் மூடியதைச் சரிபார்க்க வேண்டும். மழை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எடுத்த நிரை போக எடுக்காத நிரைகள் எல்லாம் திரையில் வெள்ளையிலிருந்து மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாவதைப் பார்த்தேன். என் பின்னால் கேக் வெட்டினார்கள்.

அந்த எஞ்சின் பிறகு கடற்கரையிலிருந்து ஒரு பிழையும் இல்லாமல் மேலே போனது. அதை டிவியில் எத்தனையோ பேர் பார்த்தார்கள். எனக்கு ராக்கெட் என்றால் இன்றும் முதலில் ஞாபகத்துக்கு வருவது நனைந்த பருத்திதான்.

ரோட்டில்

தடுப்பைத் திறக்க வழக்கமாகக் காவலாளிக்குப் போனில் சொன்னால் போதும். நான் நடந்து போனேன்.

மழை அதற்குள் நின்றுவிட்டிருந்தது. எங்கள் மழை அப்படித்தான், கெடுப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பெய்யும். ஷேர் ஆட்டோ டிரைவர் பால்காரரிடம், "ஏலே, நெஞ்சுக்கூடு அதிருச்சுல்ல?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டுக்காரப் பெண்கள் போய்விட்டார்கள். அப்பா அதே இடத்தில், தலைத்துண்டு நனைந்து ஒட்டியிருக்க, காட்டைப் பார்த்து நின்றிருந்தார். ஒதுங்க இடம் இருந்தும் ஒதுங்கியிருக்கவில்லை.

"முடிஞ்சதுப்பா. போகலாம்."

"நல்லபடியா எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சது."

"சத்தம் இந்தத் தடவ ஒரே சீரா இருந்துச்சு. முந்தியெல்லாம் விக்கி விக்கி வரும்."

எங்கள் ஆட்கள் கோடுகளைப் பார்த்துச் சொன்னதை அவர் ரோட்டில் நின்று கேட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பருத்தி நனஞ்சிருச்சேப்பா" என்றேன்.

"நனையத்தான் செய்யும். வெயிலடிச்சா காயும். வெல கொறையும், அம்புட்டுத்தான்." துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். "அடுத்து எப்ப?"

"இல்லப்பா. இதுதான் கடைசி. எஞ்சின் நாளைக்கு லோடு ஏறுது. நாங்களும் கெளம்புறோம். திரும்ப எப்ப வருவோம்னு தெரியாது. இனிமே உங்க காட்டுல நீங்க எந்நேரமும் நிக்கலாம். யாரும் வந்து சொல்ல மாட்டாக."

பள்ளிக்கூடத்தில் அவர் கேட்ட கேள்விக்கு இத்தனை காலம் கழித்து ஒரு நல்ல பதில் சொல்கிறேன் என்ற நினைப்பில் சொன்னேன்.

அவர் பிழிந்த துண்டை உதறினார். மடித்தார். தோளில் போட்டார். மறுபடி எடுத்து மடித்தார்.

"பாயுமா?"

"பாயும் எங்ககூட வாராக."

"ஒருத்தரும் வர மாட்டாகளா?"

பின்னால் வேன் ஹாரன் அடித்தது. ஹரிஷ் ஜன்னல் வழியாகக் கையசைத்தான். அப்பா ஒதுங்கி எனக்கு வழிவிட்டார், ஏதோ நான்தான் போக வேண்டியவள் என்பதுபோல.

"வாரேன்ப்பா" என்றேன்.

புறப்படும்போது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிற சொல்தான். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்வது. யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

"எப்ப?" என்றார் அப்பா.